தைமசின் நிழல்: நிர்ப்பீடனக் கலங்கள் ஆளாகும் விதம்

என் தங்கை மகனுக்கு நாலு மாதம் இருக்கும்போது சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்துக்கு அடங்கவில்லை. பனி மூடிய ஒரு காலையில் ஓட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்துக் கையில் கொடுத்தார்கள். மச்சான் அதை விறாந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இதயத்துக்கு மேலே, வலப்பக்கமாக, முக்கோணமாக ஒரு வெள்ளை நிழல். காற்றில் புடைத்த தோணிப்பாய் மாதிரி அடி நேராகவும் ஓரம் கூராகவும் இருந்தது.

"கட்டி ஏதும் இருக்குதுங்களா டொக்டர்?"

டொக்டர் படத்தை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது தைமசு. இந்த வயசுல அப்படித்தான் பெருசா தெரியும். தெரியாட்டித்தான் நான் யோசிக்கணும்."

சளி ஒரு வாரத்தில் போய்விட்டது. அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. பதினாலு வருஷமாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். 'தைமசு: டி நிணநீர்க்குழியங்கள் முதிர்ச்சியடையும் இடம்' என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகிறவன் நான். நிணநீர்க்குழியங்கள் என்றால் நோயெதிர்ப்புக்கு, அதாவது நிர்ப்பீடனத்துக்கு, உழைக்கிற வெண்குருதிக் கலங்கள்; டி கலம், பி கலம் என்பவை அவற்றின் இரு வகை. முதிர்ச்சியடைவது என்றால் என்ன? வாழைத்தார் மாதிரி சும்மா தொங்கினால் பழுத்துவிடுமா? ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்த ஒரு வரிக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

தைமசு எதற்கு இருக்கிறது என்று 1961 வரைக்கும் மருத்துவ உலகத்துக்கே தெரியாது. வளர்ந்த எலியிடமிருந்து அதை வெட்டி எடுத்தால் எலி ஒன்றும் நடக்காதது போல ஓடியாடித் திரிந்தது; ஆகவே அது வேலையில்லாத சதைத்துண்டு என்று விட்டுவிட்டார்கள். லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர் வேறொரு காரணத்துக்காக, அதாவது எலிகளில் வரும் வெண்குருதிப் புற்றுநோயை ஆராய்வதற்காக, அப்போதுதான் பிறந்த குட்டிகளிடமிருந்து தைமசை எடுத்தார். அந்தக் குட்டிகள் மெலிந்தன, தொற்று வந்து மடிந்தன. குருதியில் நிணநீர்க்குழியங்கள் மிகக் குறைவாக இருந்தன. வேறு இன எலியின் தோலைக் கொண்டுவந்து ஒட்டினாலும் அவற்றின் உடம்பு எதிர்ப்புக் காட்டாமல் ஏற்றுக்கொண்டது. தைமசின் பெரும்பகுதி வேலை குழந்தைப் பருவத்திலேயே நடந்துவிடுகிறது. வளர்ந்த எலியில் தேடியவர்கள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாத்தியாரைத் தேடியவர்கள்.

கதை தைமசில் தொடங்குவதில்லை, எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையில் தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் விடிந்தால் பிரட்டுக்களம். ஆட்கள் வந்து நிற்பார்கள். பேர் கூப்பிட்டு, இன்னார் கொழுந்துக்கு, இன்னார் புல்வெட்டுக்கு, இன்னார் கவ்வாத்துக்கு என்று மலைக்குப் பிரித்துவிடுவார்கள். என்பு மச்சையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் களம்தான் கண்ணில் நிற்கிறது. அங்கே நிற்கிற மூலக்கலம் செங்குழியமாகலாம், கிருமியை விழுங்கும் நடுநிலைநாடியாகலாம், நிணநீர்க்குழியமாகலாம். எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிற பரம்பரையலகுகள் ஒன்றேதான். எந்தப் பக்கத்தைத் திறந்து வாசிப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான் வித்தியாசம். அதை முடிவு செய்வதில் பெரும்பங்கு அக்கம்பக்கத்துக் கலங்கள் அனுப்பும் சமிக்ஞைகளுக்கு உண்டு.

இந்த உவமை ஒரு இடத்தில் முறிகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரட்டில் பேர் விடுபட்ட ஆள் அன்றைய சம்பளத்தை இழந்து லயத்துக்குத் திரும்பிப் போவார். வளரும் நிணநீர்க்குழியத்துக்குத் திரும்பிப் போக இடமில்லை. 'நீ இரு' என்று யாரும் சொல்லாவிட்டால் அது தன்னைத்தானே துண்டு துண்டாக்கிக்கொண்டு இறந்துவிடும். அதைக் கொல்ல யாரும் வரத் தேவையில்லை. சொல் வராமல் போனாலே போதும்.

சொல் எப்படி வருகிறது? கலத்தின் மென்சவ்வில் வாங்கிகள் என்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. ஒரு முனை வெளியே, மறு முனை உள்ளே. வெளியே உரிய மூலக்கூறு வந்து பொருந்தினால் உள்முனை வடிவம் மாறும், அல்லது பக்கத்து வாங்கியோடு சேரும். அங்கே காத்திருக்கும் நொதியங்கள் ஒன்றின் மேல் ஒன்று பொசுபேற்றுக் கூட்டங்களை ஒட்டும். ஒட்டப்பட்ட புரதம் விழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்பும். கடைசியில் ஒன்று கருவுக்குள் புகுந்து பரம்பரையலகுகளைத் திறக்கும் அல்லது மூடும். சமிக்ஞைகளில் சில பாய்பொருளில் மிதந்து வருபவை. சைட்டோகைன்கள் அந்த வகை. சில, பக்கத்துக் கலத்தின் மேனியிலேயே ஒட்டியிருப்பவை, தொட்டால்தான் கேட்கும்.

தொட்டால் கேட்கும் வகையில் நொச் என்ற வாங்கி எனக்குப் பிடித்தமானது. பெயர் பழ ஈயிலிருந்து வந்தது. அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அந்தப் பொடி ஈதான். இறக்கை ஓரத்தில் கடித்தெடுத்தது போல ஒரு வெட்டு உள்ள ஈக்களை 1910களில் அமெரிக்காவில் தோமஸ் ஹன்ட் மோர்கனின் ஆய்வுகூடத்தில் கண்டார்கள்; வெட்டு என்ற பொருளில்தான் அந்தப் பெயர். ஈயின் இறக்கைக்கும் மனிதனின் நிர்ப்பீடனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. என்பு மச்சையிலிருந்து குருதி வழியாக ஒரு முன்னோடிக் கலம் தைமசுக்குள் நுழைகிறது. தைமசின் மேலணிக் கலங்கள் தம் மேனியில் டெல்டா வகைப் புரதம் ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அது நொச்சைப் பிடித்து இழுக்கிறது. இழுத்ததும் நொதியங்கள் நொச்சை வெட்ட, அதன் உள்துண்டு நேராகக் கருவுக்குப் போகிறது. மற்ற வாங்கிகளைப் போலக் கைமாற்றிக் கைமாற்றித் தகவல் அனுப்புகிற வேலை இல்லை. வாங்கியின் துண்டே தகவல்.

அந்தத் தகவல் 'நீ டி கலம்' என்பது. 1999இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் இதை இரு பக்கமும் திருப்பிக் காட்டின. நொச் இல்லாமல் செய்தால் தைமசுக்குள் பி கலங்கள் முளைத்தன. நொச்சை எந்நேரமும் எரியவிட்டால் என்பு மச்சையிலேயே டி கலங்கள் முளைத்தன. ஆக, தைமசு என்ற இடத்தின் மகிமையில் பெரும்பகுதி அந்த ஒரு தொடுகைதான். எரிகிற விளக்கு அணையாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. டி கலத்தில் உண்டாகும் ஒருவகைக் கடும் வெண்குருதிப் புற்றுநோயில், பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நொச்சின் பரம்பரையலகில் விகாரம் இருப்பதை 2004இல் கண்டார்கள். வளரச் சொன்ன அதே சொல், நிறுத்தாமல் சொல்லப்பட்டபோது நோயாகிவிட்டது.

மிதந்து வரும் சமிக்ஞைக்கு வருவோம். இன்டர்லூகின்-7 என்பது வளரும் டி கலத்துக்கான சோறு மாதிரி. அது இருந்தால் கலம் பிழைக்கும், பெருகும். அதன் வாங்கி இரண்டு துண்டுகளால் ஆனது. அதில் ஒரு துண்டு, காமாச் சங்கிலி என்பது, வேறு ஐந்து இன்டர்லூகின்களின் வாங்கிகளுக்கும் பொதுவானது. அதற்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது பழுதானால் பெண்பிள்ளை இன்னொரு எக்ஸை வைத்துத் தப்பித்துக்கொள்ளும். ஆண்பிள்ளைக்கு வேறு எக்ஸ் கிடையாது. 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிறந்த டேவிட் வெட்டர் இந்தக் குறையோடு பிறந்தவன். கிருமி புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்து, என்பு மச்சை மாற்றிய சில மாதங்களில், 1984இல், 12 வயதில் இறந்தான். எந்தப் பரம்பரையலகு என்று கண்டுபிடித்தது 1993இல்.

டொக்டர் சொன்னது இங்கேதான் எனக்கு விளங்கியது. இப்படிப்பட்ட பிள்ளையின் எக்ஸ்ரேயில் அந்தத் தோணிப்பாய் நிழல் தெரியாது. தைமசு அங்கே இருக்கும், சிறுத்து, வெறிச்சென்று. நிரப்புவதற்கு டி கலங்கள் இல்லை. தைமசின் மேலணிக் கலங்களும் ஒழுங்காக வளர வேண்டுமென்றால் வளரும் டி கலங்கள் அவற்றோடு பேச வேண்டும். பேச்சு ஒருவழிப் பாதை அல்ல.

நம் இலங்கையில் பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து விடுவதற்கு முன்னால் கையில் காசநோய்க்கெதிரான பிசிஜி ஊசி போடுகிறார்கள். அதில் இருப்பது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த பற்றீரியா. மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு சின்னப் புண்ணாகி ஆறி, தழும்பாக நின்றுவிடும். டி கலம் இல்லாத பிள்ளைக்கு அதுவே உடம்பெல்லாம் பரவலாம். எங்கள் லயங்களில் 'அந்தக் குடும்பத்துல ஆம்பளப் புள்ள தங்காது' என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்லப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் பசியும் பேதியும் காய்ச்சலும்தான் காரணமாக இருந்திருக்கும். ஆனால் தாய்வழியில், தாய்மாமன் ஒருவன், பெரியம்மா மகன் ஒருவன் என்று ஆண்குழந்தைகள் மட்டும் அடுத்தடுத்துக் கைக்குழந்தையாகவே போயிருந்தால், அதைத் தோஷம் என்று ஒதுக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். பிறவி நிர்ப்பீடனக் குறைபாட்டுக்கான விசேட குருதிப் பரிசோதனைகளைக் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் செய்கிறார்கள்.

பி கலத்தின் கதையைக் கோழியில்தான் தொடங்க வேண்டும். இளங்கோழியின் பின்புறத்தில், மலம் கழியும் வாய்க்கு மேலே, ஒரு சிறு பை உண்டு. ஃபெப்ரிசியசின் பை என்று பெயர். 1950களில் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் அந்தப் பையை எடுத்துவிட்டுப் பார்த்தார். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவருடைய நண்பர் திமொதி சாங், வகுப்பில் பிறபொருளெதிரி, அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதம், உண்டாவதைக் காட்டுவதற்காக அந்தக் கோழிகளைக் கடன் வாங்கி சல்மொனெல்லாக் கிருமியை ஏற்றினார். பை இழந்த கோழிகளில் பிறபொருளெதிரி உண்டாகவே இல்லை. வகுப்பில் சொதப்பிய அந்தச் செயல்முறைதான் கண்டுபிடிப்பு. அதைப் பெரிய சஞ்சிகை ஒன்று திருப்பி அனுப்ப, கடைசியில் 1956இல் கோழி வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றில் அச்சாகிப் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. பி கலத்தின் 'பி' அந்தப் பையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. நமக்கு அந்தப் பை கிடையாது. நம் பி கலங்கள் என்பு மச்சையிலேயே வளர்கின்றன.

அங்கேயும் விதி அதேதான். வளரும் பி கலம் தன் வாங்கியின் முதல் பாதியைச் செய்து முடித்ததும், 'செய்துவிட்டேன்' என்று உள்ளே ஒரு சமிக்ஞை போக வேண்டும். அதைக் கடத்தும் நொதியங்களில் ஒன்று பிடிகே. பிடிகே பழுதான ஆண்பிள்ளையின் பி கலங்கள் பாதி வழியில் நின்றுவிடும். குருதியில் பிறபொருளெதிரி கிட்டத்தட்ட இருக்காது. இப்படி ஒரு எட்டு வயதுப் பையனை 1952இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஒக்டன் புரூட்டன் விவரித்தார். பிடிகேயில் உள்ள 'பி' அவர் பெயர்.

இனி தைமசின் உள்ளறைக்குப் போகலாம். இந்த முழுக் கதையிலும் எனக்கு அதிசயமாகப் படுவது அங்கே நடப்பதுதான்.

டி கலம் தன் வாங்கியைச் செய்துகொள்ளும் முறை சீட்டுக்கட்டு கலைப்பது போன்றது. பரம்பரையலகின் துண்டுகளை வெட்டி, குலுக்கி, ஒட்டுகிறது. பிறபொருளெதிரிகளில் இந்த வெட்டி ஒட்டல் நடப்பதைக் காட்டியதற்காக சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. குலுக்கிப் போடுவதால் ஒவ்வொரு கலத்துக்கும் வெவ்வேறு வாங்கி. அதனால்தான் இதுவரை உலகத்தில் இல்லாத கிருமி வந்தாலும் அதைப் பிடிக்கிற கலம் ஒன்று எங்கேயோ இருக்கிறது. ஆனால் குலுக்கலில் விழுவது எல்லாம் நல்ல சீட்டாக இருக்காது. பல வாங்கிகள் எதையுமே பிடிக்காது. சில நம் சொந்த உடம்பையே பிடித்துக்கொள்ளும்.

ஆகவே பரீட்சை. தைமசின் கலங்கள் நம் சொந்தப் புரதங்களின் துண்டுகளை ஏந்திக் காட்டுகின்றன. டி கலம் தன் வாங்கியால் தொட்டுப் பார்க்கிறது. சற்றும் பிடிபடவில்லையா, மூன்று நாலு நாளில் சாவு. அழுத்தமாகப் பிடித்துக்கொண்டதா, அதற்கும் பெரும்பாலும் சாவு. இலேசாகப் பட்டும் படாமலும் பிடித்தால் பிழைப்பு. நுழைந்த நூறில் இரண்டு மூன்றுதான் வெளியே வருகின்றன என்பது பொதுவான கணக்கு. உயர்தரப் பரீட்சையில் கூட நாம் இப்படிக் கழிப்பதில்லை.

மூன்று முடிவுக்கும் வாங்கி ஒன்றுதான், காட்டப்படும் பொருளும் ஒரே வகைதான். அப்படியிருக்க கலத்துக்கு எப்படித் தெரிகிறது?

என் அப்பா தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர். ரோலரிலிருந்து இறங்கிய தூளைத் தட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். பச்சை மெல்ல மெல்லச் செம்பாகும். டீமேக்கர் அரை மணிக்கொரு தடவை வந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் இறுக்கி, மூக்கில் வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் முந்தி அடுப்புக்கு அனுப்பினால் தேநீர் பச்சை வாடை அடிக்கும், நாக்கில் கரகரக்கும். கொஞ்சம் பிந்தினால் சப்பென்று உயிரில்லாமல் போகும். இலையும் அதே இலை, நடக்கிற மாற்றமும் அதே மாற்றம். எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதில்தான் சரக்கு.

டி கலமும் அளவையும் நேரத்தையும்தான் வாசிக்கிறது. வாங்கி எதையாவது பிடித்ததும் உள்ளே லக் என்ற நொதியம் பொசுபேற்று ஒட்டத் தொடங்கும். அது சாப்-70 என்பதை எழுப்பும். அங்கிருந்து கல்சியம் உயர்வது ஒரு கிளை, ஏர்க் என்ற நொதியம் விழிப்பது இன்னொரு கிளை. பிடி நீடித்தால்தான் இந்தப் படிகள் முழுவதும் ஏறி முடியும். சட்டென்று நழுவினால் பாதியில் எல்லாம் கலைந்துவிடும். பிடி வலுவாக இருந்தால் ஏர்க் பட்டென்று கொளுத்தி அணைகிறது. அந்தக் கலம் சாகிறது. பிடி மிதமாக இருந்தால் அதே ஏர்க் தணலாக நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கிறது. அந்தக் கலம் பிழைக்கிறது. அடுத்த முடிவையும் நேரமே தீர்க்கிறது: சமிக்ஞை விடாமல் தொடர்ந்தால் உதவிக் கலமான சிடி4, இடையில் அறுந்தால் கொல்லும் கலமான சிடி8. மனிதரில் சாப்-70 இல்லாத பிள்ளைகள் உண்டு; அவர்களிடம் சிடி8 கலங்கள் உருவாவதேயில்லை, சிடி4 கலங்கள் இருந்தும் வேலை செய்வதில்லை.

ஒரு சந்தேகம் வர வேண்டும். தைமசு நெஞ்சில் இருக்கிறது. கணையத்தில் மட்டும் உண்டாகும் இன்சுலினைப் பிடித்துத் தாக்கக்கூடிய கலத்தை அங்கே எப்படிக் கண்டுபிடித்துக் கழிப்பது? அதற்கு எயார் என்ற ஒரு புரதம். தைமசின் உட்பகுதிக் கலங்களில் அது நின்று, உடம்பின் பல உறுப்புகளுக்கே உரிய பரம்பரையலகுகளை, இன்சுலின் உட்பட, சும்மா மாதிரிக்குத் திறந்து காட்டச் செய்கிறது. நாட்டிலுள்ள சரக்கெல்லாம் ஒவ்வொரு பிடி வைத்த கடை மாதிரி. எயார் பழுதானவர்களுக்குப் பல சுரப்பிகள் சொந்த உடம்பாலேயே தாக்கப்படுகின்றன. 1997இல் அந்தப் பரம்பரையலகு கண்டறியப்பட்டது.

அப்படியும் சில நழுவி வெளியே வரும். அவற்றை அடக்கி வைக்கத் தனிப் படை இருக்கிறது. சொந்த உடம்பைச் சற்று வலுவாகப் பிடித்த கலங்களில் ஒரு பகுதி சாகாமல், ஃபொக்ஸ்பி3 என்ற புரதத்தைத் திறந்துகொண்டு, சண்டையை அடக்கும் ஒழுங்காக்கும் டி கலங்களாக மாறுகின்றன. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றைக் காட்டினார். தோல் உதிர்ந்து இளமையிலேயே சாகும் ஒருவகை எலியைத் துருவி 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் ஃபொக்ஸ்பி3ஐக் கண்டார்கள். மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல். தைமசில் சாவுக்கும் காவலுக்கும் நடுவே இருப்பது பிடியின் அளவில் ஒரு சிறு வித்தியாசம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் கூசுகிறது.

இதெல்லாம் எங்கோ ஆய்வுகூடத்தில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் எல்லாரும் எஃப்பிசி என்ற முழுக் குருதிப் பரிசோதனை எடுக்கிறோம். டெங்குப் பயத்தில் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அதற்கு மேலே இருக்கிற வெண்குழிய வரிகள், என்பு மச்சைப் பிரட்டில் யாருடைய பேர் அதிகம் கூப்பிடப்பட்டது என்ற கணக்கு. பற்றீரியாத் தொற்று வந்தால் ஜி-சிஎஸ்எஃப் என்ற சமிக்ஞை ஏறும், நடுநிலைநாடிகள் கூடும். சாதாரண நாளிலேயே நம் உடம்பு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நடுநிலைநாடிகளைச் செய்கிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியபின் வெண்குழியம் விழுந்துவிட்டால் வயிற்றில் போடுகிற ஊசி இந்த ஜி-சிஎஸ்எஃப்தான். 1991 முதல் மருந்தாகப் பயன்படுகிறது.

அதே தாளில் இயோசின்நாடி என்ற இன்னொரு வெண்குழியத்தின் வரி எங்கள் மலைக்கு அதிகம் பரிச்சயமானது. குடலில் புழு இருந்தால் நிணநீர்க்குழியங்கள் இன்டர்லூகின்-5ஐ விடும். அது என்பு மச்சைக்குப் போய் இயோசின்நாடிகளைப் பெருக்கும். 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கிய காலத்தில், வெறுங்காலோடு மலையேறிய நம் பாட்டன் பாட்டிகளின் குருதியில் அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. கடும் ஆஸ்துமாக்காரர் சிலருக்கு அதே இன்டர்லூகின்-5ஐ மறிக்கும் மருந்தை 2015 முதல் கொடுக்கிறார்கள். புழுவுக்காக உண்டான சமிக்ஞை அவர்களின் சுவாசக் குழாயில் புழு இல்லாமலே பேசிக்கொண்டிருக்கிறது.

பசியும் ஒரு சமிக்ஞை. உணவு குறைந்தால் கொழுப்பிழையம் விடும் லெப்டின் விழுகிறது, அழுத்த ஓமோனான கோட்டிசோல் ஏறுகிறது. தைமசில் பரீட்சைக்குக் காத்திருக்கும் இளம் டி கலங்களுக்குக் கோட்டிசோல் நஞ்சு; கூட்டம் கூட்டமாக மடியும். நாகம் என்ற கனியுப்பு குறைந்தாலும் தைமசு சுருங்கும். பட்டினி கிடந்த உடம்பில் தைமசு மெலிவதை 1845இலேயே ஆங்கில மருத்துவர் ஜோன் சைமன் எழுதிவைத்திருக்கிறார்.

அதை மறந்ததால் ஒரு பெரிய தவறு நடந்தது. அந்தக் காலத்தில் உடற்கூற்றியல் மேசைக்கு வந்த குழந்தை உடல்களில் மிகுதி ஏழைகளுடையவை. நாள்பட்ட நோயிலும் பசியிலும் இறந்தவை. அவற்றின் தைமசு சிறுத்திருந்தது. அதையே இயல்பான அளவு என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு, நன்றாக இருந்து தூக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகளில் இயல்பான தைமசைக் கண்டதும், 'வீங்கியிருக்கிறது, மூச்சை அடைத்துவிட்டது' என்றார்கள். 1907 முதல் பல்லாண்டுகள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நெஞ்சில், அந்த 'வீக்கத்தை'க் கரைக்கக் கதிர் பாய்ச்சினார்கள். 1950இல்தான், அப்படிக் கதிர் வாங்கிய பிள்ளைகளுக்குத் தைரொயிட் புற்றுநோய் வருவது வெளியே வந்தது. இல்லாதவன் உடம்பை அளவுகோலாக்கினார்கள், அவனுக்கு ஏன் இல்லை என்று மட்டும் கேட்கவில்லை. மச்சான் விறாந்தையில் பயந்த அதே நிழலுக்குத்தான் அவர்களும் பயந்தார்கள். அவர்கள் கையில் இயந்திரம் இருந்தது.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டத்துறையில் 32 சதவீதம். பிள்ளைக் காம்பராவில் எடை பார்க்கும் மருத்துவமாதுவின் அட்டையில் ஏறி இறங்கும் கோடு, எடையைத்தான் காட்டும். உள்ளே தைமசில் என்ன நடக்கிறது என்று காட்டாது. 1990களில் பொலிவியாவில் கடும் போசணைக் குறைவிலிருந்து தேறிய பிள்ளைகளைக் கேளா ஒலிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எடை ஒரு மாதத்தில் திரும்பியது. தைமசு திரும்ப இரண்டு மாதம் பிடித்தது. அட்டையில் கோடு நேரானதும் சத்துமாவை நிறுத்திவிடுகிற வீடுகளை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. ஒரு பைக்கற் என்ன விலை என்று தெரியும்.

தங்கை அந்த எக்ஸ்ரேயைப் பழுப்பு உறையோடு அலுமாரி மேலே வைத்திருந்தாள். போன தவணை கேட்டு வாங்கிக்கொண்டுபோய் வகுப்பு ஜன்னலில் ஒட்டினேன். வெளியே மழை, வெளிச்சம் போதவில்லை, போன் டோர்ச்சைப் பின்னால் பிடித்தோம். 'இதயம் வீங்கிருக்கு சேர்' என்றான் ஒருத்தன். 'கட்டி' என்றான் இன்னொருத்தன். பின் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள்.

"சேர், அந்தத் தம்பிக்கு இப்ப எத்தன வயசு?"

"அஞ்சு முடியப்போவுது."

"இப்ப எடுத்தா இது தெரியுமா?"

தெரியாது என்றேன். நெஞ்சு வளர்ந்துவிட்டது, தைமசு அதற்கு ஈடாக வளர்வதில்லை. உள்ளேதான் இருக்கிறது, பரீட்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது, படத்தில் மட்டும் விழாது.

அவள் உட்காராமல் நின்றாள். "அப்ப ஃபெயிலான கலத்த யாரு சேர் கூட்டி அள்ளுறது?"

மணி அடித்துவிட்டது. மாவிழுங்கிகள் என்ற கலங்கள் விழுங்கிவிடும் என்று சொன்னேன். அவற்றுக்கு 'இதை அள்ளு' என்று சொல்வது யார் என்று கேட்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். செத்துக்கொண்டிருக்கும் கலமே தன் மேனியில் ஓர் அடையாளத்தை வெளியே திருப்பிக் காட்டும். அதை அடுத்த பாடத்துக்கு வைத்திருக்கிறேன்.